வென்றது நம் நாவா?
அந்நியத் துரித உணவுக் கடைகளும் மாத்தளையும்

2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், இலங்கையில் இயங்கிவந்த மக்டொனால்ட்ஸ் உணவுக் கடைகள் 12உம் ஒருசேர மூடப்பட்டன. அச்செய்தி வந்தபோது நம் சிற்றுண்டிச்சாலை மேசைகளில் எழுந்த பேச்சு இன்னும் செவியில் நிற்கின்றது. சோற்றையும் சம்பலையும் உண்டு வளர்ந்த நாவுக்கு முன்னால் அமெரிக்கனின் பணிஸ் எம்மாத்திரம் என்றார் ஒருவர். பண்பாடு ஏகாதிபத்தியத்தைத் தோற்கடித்தது என்றார் மற்றொருவர். பின்னவர் நன்கு வாசிப்பவர். ஆதலாலேயே அவர் கூற்று நம்மைச் சிந்திக்க வைத்தது. ஒரு கருத்து கேட்பதற்கு இனிமையாக இருக்கும்போதுதான் அதனைப் பரிசோதிக்க வேண்டிய தேவை மிகுதியாகின்றது.

நடந்தது என்ன? 1998ஆம் ஆண்டு கொள்ளுப்பிட்டியில் முதற் கடை திறக்கப்பட்ட காலந்தொட்டு அவ்வுரிமையை வைத்திருந்த இலங்கைக் கம்பனி உரிய தரங்களைப் பேணவில்லை எனக் கூறி அமெரிக்கத் தாய்க்கம்பனி ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. விவகாரம் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்துக்குச் சென்றது. இரு கம்பனிகளுக்கிடையே எழுந்த பிணக்கு அது. அதிலே நம் நாவுக்கோ பண்பாட்டுக்கோ யாதொரு பங்குமில்லை. கதவுகள் மூடுவதும் மீண்டும் திறப்பதும் அவ்விரு தரப்பாரின் கணக்கைப் பொறுத்தவை; நாம் அவ்வழக்கில் சாட்சியாகக்கூட அழைக்கப்படவில்லை. ஆயினும் வெற்றி மாலையை எடுத்து நாமே நம் கழுத்தில் போட்டுக்கொண்டோம்.

இத்தற்பெருமை தீங்கற்ற ஒன்றெனச் சிலர் கூறக்கூடும். அவ்வாறன்று. நாக்கு நம்மைக் காக்கும் என நம்புகிறவன் வயலைக் காக்க வேண்டியதில்லை. கூலியைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. தெருமுனைக் கடைக்காரனின் கதி பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. இக்கட்டுரை அந்நம்பிக்கைக்கு எதிராக எழுதப்படுகின்றது.

அந்நிய உணவுக் கம்பனியொன்று புதிய நாடொன்றில் காலூன்ற முயலும்போது எதிர்நோக்கும் இடர்களை முகாமைத்துவ நூல்கள் வரிசைப்படுத்திக் காட்டுகின்றன. மக்களின் சுவை, மதம் சார்ந்த விலக்குகள், நாட்டின் சட்டம், மூலப்பொருள் வழங்கல், நாணயத்தின் நிலையின்மை என அவை விரியும். இவற்றுள் முதலிரண்டையுமே பெருந்தடைகளாக நம்மவர் கருதுகின்றனர். உண்மையில் மிக எளிதாகத் தாண்டப்பட்டவை அவ்விரண்டுமே. மக்டொனால்ட்ஸ் 1996இல் இந்தியாவில் நுழைந்தபோது, எந்த மாட்டிறைச்சியைக் கொண்டு உலகப் புகழ் பெற்றதோ அதனையே கைவிட்டது, பன்றியிறைச்சியையும் விட்டது. உருளைக்கிழங்கைத் தட்டையாக்கிப் பொரித்துப் பணிசுக்குள் வைத்துக் கொடுத்தது. 2001இல் அமெரிக்காவில் அதன் உருளைக்கிழங்குப் பொரியலில் மாட்டிறைச்சிச் சுவைச்சாறு சேர்க்கப்படுவது வெளிப்பட்டு, அங்குள்ள மரக்கறி உண்போர் வழக்குத் தொடுத்தனர். இந்தியாவிலும் சில கடைகள் தாக்கப்பட்டன. மறு ஆண்டு ஒரு மன்னிப்பும் ஒரு கோடி டொலரும் அவ்வழக்கை முடித்துவைத்தன. பெருமூலதனத்துக்கு மதமும் ஒரு செலவுக் கணக்கு. செலுத்த முடிந்த தொகையாயின் செலுத்திவிட்டு நடக்கும்.

இலங்கையிலும் அதுவே நிகழ்ந்தது. 1993இல் பீட்சா ஹட் வந்தது. 1995இல் கே.எப்.சி. வந்தது. அதனைக் கொணர்ந்த கார்கில்ஸ் 1844இல் பிரித்தானிய வணிகர் தொடங்கிய நிறுவனம் என்பதையும், தோட்டத்துரைமாரின் சாப்பாட்டு மேசைக்குப் பண்டங்கள் வழங்கி வளர்ந்த வணிகக் குடும்பத்தைச் சேர்ந்தது அது என்பதையும் வரலாற்று மாணவர் நினைவிற் கொள்க. வந்த கடைகள் யாவும் நம் நாவோடு போரிடவில்லை. அதற்கு உறைப்புக் கூட்டிக் கொடுத்தன. கென்டக்கிக் கோழி புரியாணிக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்தது. மக்டொனால்ட்சும் சோறு போட்டது. சுவை எனும் கோட்டைக்கு இதைவிட இலகுவான முற்றுகை வேறுண்டோ?

நம் நாவு ஒரு கோட்டையே அன்று என்பதற்கு மாத்தளையைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்ட மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளைக்கும் நாலந்தைக்கும் நடந்து மாத்தளையை அடைந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் அவ்வழியில் வீழ்ந்தோர் தொகை பெரிது. எஞ்சியோர் இங்கு வந்து மூட்டிய முதல் அடுப்பிலிருந்துதான் மாத்தளைத் தமிழரின் உணவு வரலாறு தொடங்குகின்றது. நகரின் முத்துமாரியம்மன் ஆலயமும் அவ்வழிப்பயணத்தின் நினைவோடு பிணைந்ததே. அவர்கள் சோறுண்ணும் மக்கள். அரிசியோ தோட்டத்தில் விளையவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த அரிசியைத் தோட்ட நிருவாகம் வழங்கிக் கூலியிலிருந்து கழித்துக்கொண்டது. எதை உண்பது என்பதை நாவு தீர்மானிக்கவில்லை. கணக்கப்பிள்ளையின் ஏடு தீர்மானித்தது.

1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அரிசி வரவு அறுந்தது. அவ்விடத்தைக் கோதுமைமா நிரப்பியது. போர் முடிந்த பின்னும் மா திரும்பிப் போகவில்லை. அமெரிக்கா தன் மிகை விளைச்சலைக் கடனாகவும் கொடையாகவும் உலகெங்கும் அனுப்புதற்கு 1954இல் ஒரு சட்டம் இயற்றியது. பி.எல். 480 என்று சுருங்கச் சொல்லப்படும் அச்சட்டத்தின் முழுப் பெயரில் விவசாய வர்த்தக அபிவிருத்தி முன்னே வருகின்றது. உதவி பின்னே வருகின்றது. பெயரிடுவதில் அவர்கள் நேர்மையாக இருந்தார்கள் என்றே கூறவேண்டும். நாம்தான் அதை உதவி என்று மட்டும் வாசித்தோம். 1973–74ஆம் ஆண்டுகளில் பங்கீட்டு உணவு குறைக்கப்பட்டுத் தோட்டங்களிலே பட்டினிச் சாவுகள் நிகழ்ந்த வேளையில், ஒரு கொத்து மாவுக்காக நின்றவர்களிடம் போய் உமது பண்பாட்டுச் சுவை யாது என்று எவரும் கேட்டிருக்க முடியாது. 1977இல் சிங்கப்பூர்ப் பிறீமா நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்யப்பட்டு, 1980இல் திருகோணமலையிலே மாவாலை இயங்கத் தொடங்கியது. கோதுமை ஒரு மணியும் விளையாத நாட்டில் கோதுமைமா அன்றாட உணவாயிற்று. இன்று றொட்டியும் சம்பலும் மலையகத்தின் மரபுணவு என்று நாமே கட்டுரை வரைகிறோம். அமெரிக்க உணவை விரட்டிய வீர உணவாக நாம் கொண்டாடும் கொத்துறொட்டி எந்த மாவினால் ஆனது? நாவு மூன்று தலைமுறைக்குள் தோற்றது மட்டுமன்று, தோற்றதையே மறந்துவிட்டது.

இதனைப் பழிச்சொல்லாகக் கூறவில்லை. நாவு பழகும் உறுப்பு. கிடைப்பதில் சுவை காண்பது அதன் இயல்பு. றொட்டியைத் தட்டித் தேங்காய்ச் சம்பலோடு உண்ணப் பழகியிராவிடின் எம் பாட்டிமார் பிழைத்திருக்கமாட்டார்கள். ஆனால் அத்தகைய உறுப்பைக் காவலுக்கு நிறுத்திவிட்டு உறங்குவது அறிவுடைமை ஆகாது.

அங்ஙனமாயின் இறத்தோட்டையிலோ எல்கடுவையிலோ உள்ள தோட்டத்து லயனுக்குள் கே.எப்.சி. நுழையாமல் தடுப்பது எது? விடை மிக எளிது. கூலி. பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல், பல ஆண்டுப் போராட்டத்தின் பின், 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாயிற்று. ஒரு குடும்பத்துக்கெனக் காகித வாளியில் விற்கப்படும் கோழி அத்தகைய நாட்சம்பளங்கள் சிலவற்றை ஒருவேளையில் விழுங்கிவிடும். இலண்டனில் வெளிவரும் எக்கொனொமிஸ்ட் எனும் சஞ்சிகை 1986 தொடக்கம் மக்டொனால்ட்ஸ் பணிசின் விலையைக்கொண்டு நாடுகளின் நாணய மதிப்பை அளந்து வருகின்றது. பொருளியல் மாணவர் அவ்வளவுகோலை ஆர்வத்தோடு படிக்கின்றனர். அப்பணிசு ஒன்றுக்காக ஒரு கொழுந்து பறிக்கும் பெண் எத்தனை கிலோ பறிக்க வேண்டும் என்றும் ஓர் அளவுகோல் செய்யலாமே. அது நாணயங்களைப் பற்றிச் சொல்லாது. நாடுகளைப் பற்றிச் சொல்லும்.

ஆக, மாத்தளைத் தோட்டங்கள் அந்நியத் துரித உணவை எதிர்த்து நிற்கின்றன என்பது வறுமையைப் பண்பாடு என்று பெயரிட்டு அழைப்பதாகும். அத்தோட்டங்களிலிருந்து கொழும்புக்குச் செல்லும் இளைஞர்களைக் காண்க. அவர்கள் அந்நகரின் சாப்பாட்டுக் கடைகளில் மா பிசைகின்றனர், கோப்பை கழுவுகின்றனர், நள்ளிரவு வரை தகரத்தட்டில் கொத்துகின்றனர். விடுமுறைக்கு ஊர் திரும்புகையில் அவர்களுள் ஒருவன் தன் தங்கைக்கு ஒரு பெட்டியில் பொரித்த கோழி வாங்கி வருகிறான். அப்பெட்டி வீசப்படாமல் அலமாரியில் வைக்கப்படுவதை நாம் பார்த்திருக்கிறோம். அந்த இளைஞனிடம் பண்பாட்டுப் பிரசங்கம் செய்ய எமக்கு நாவெழவில்லை.

நாணயம் பற்றிய தடை சற்று வேறுவகையானது. இங்கு ஒரு தூரதேசத்துக் கதை நமக்கு உதவும். ஐசுலாந்து நாட்டில் மூன்று மக்டொனால்ட்ஸ் கடைகள் இருந்தன. 2008இல் அந்நாட்டு வங்கிகள் வீழ்ந்து நாணயம் சரிந்தது. தாய்க்கம்பனியின் விதிப்படி இறைச்சி, பாற்கட்டி முதலியன மாத்திரமன்றி வெங்காயமும் ஜெர்மனியிலிருந்து வரவேண்டியிருந்தது. விலை தாங்காமல் 2009 ஒக்ரோபர் இறுதியில் அக்கடைகள் மூடப்பட்டன. இதுவரை பலரும் அறிவர். அதன் பின் நடந்ததே கவனிக்கத்தக்கது. அதே உரிமையாளர் அதே இடங்களில் மெற்றோ என்ற பெயரில் கடைகளைத் திறந்து, உள்நாட்டு மூலப்பொருளைக் கொண்டு உணவு சமைத்து விற்றார். சமையற்கூடம் மாறவில்லை, வெங்காயம் மட்டும் ஊர் திரும்பியது.

2022இல் நம் நாடும் அவ்வாறே வீழ்ந்தது. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டது. எரிவாயுவுக்கு வரிசை, மாவுக்குத் தட்டுப்பாடு, பாண் விலை ஏறிய வேகம் ஆகியன நாம் வாழ்ந்து கண்டவை. ஐசுலாந்தின் கேள்வி அப்பொழுது நம் முன்னும் நின்றது. வெளியிலிருந்து வரும் உணவில் எதனை ஊருக்குத் திருப்ப முடியும்? அக்கேள்வியை நாம் கேட்கவில்லை. மா மீண்டும் கிடைத்ததும் வரிசையைவிட்டு வீடு திரும்பினோம்.

வெங்காயத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும். ஏனெனில் அது மாத்தளையின் விடயம். இம்மாவட்டத்தை மிளகுக்கும் சாதிக்காய்க்கும் கொக்கோவுக்கும் உரியதாகவே வெளியார் அறிவர். வாசனைத் தோட்டங்களில் உல்லாசப் பயணிகளுக்குக் காட்டப்படுவதும் அதுவே. வடபாதியோ வேறு உலகம். தம்புள்ளையும் கலேவெலவும் இலங்கையின் பெரிய வெங்காயச் செய்கைக்குப் பேர்பெற்ற பிரதேசங்கள். சிறுபோகத்தில் நட்டு ஆவணி, புரட்டாதியில் கிளப்புவர். 1999 முதல் இயங்கிவரும் தம்புள்ளை விசேட பொருளாதார மத்திய நிலையம் நாட்டின் மரக்கறி வணிகத்துக்கே இதயம் போன்றது. நள்ளிரவில் அங்கு சென்று பார்ப்பவன் ஒரு நாடே பாரவண்டிகளில் ஏற்றப்படுவதைக் காண்பான். விடியும்போது இன்னொன்றையும் காண்பான்: கசங்கியும் அழுகியும் ஒதுக்கப்பட்ட குவியல்கள். அறுவடைக்குப் பின் வீணாகும் மரக்கறியும் பழமும் 30 முதல் 40 வீதம் என்று ஆய்வாளர் நெடுங்காலமாகக் கூறி வருகின்றனர்.

இவ்வெங்காயத்துக்கு நேர்வது என்ன? அறுவடை குவியும் அதே வாரங்களில் இந்திய வெங்காயம் துறைமுகத்தில் இறங்குகின்றது. விசேட பண்ட அறவீடு என்றொரு தீர்வை 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உண்டு. அதனை எந்நாளில் கூட்டுவது, எந்நாளில் குறைப்பது என்பதிலேயே கமக்காரனின் வாழ்வும் தாழ்வும் தங்கியுள்ளன. உள்ளூர் வெங்காயத்தை முறைப்படி உலர்த்திக் களஞ்சியப்படுத்தும் வசதி போதாது. ஆதலால் விலை ஏறும்வரை காத்திருக்க அவனால் முடியாது. கிளப்பிய கையோடு விற்றாக வேண்டும். 2023 டிசெம்பரில் இந்தியா தன் தேவை கருதி வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்தபோது இங்கு விலை உச்சத்துக்கு ஏறியது. அவ்வேளையில் கலேவெலக் கமக்காரனிடம் விற்பதற்கு வெங்காயம் இருக்கவில்லை. விலை இருக்கையில் விளைவு இல்லை. விளைவு இருக்கையில் விலை இல்லை.

இப்பொழுது துரித உணவுக் கம்பனி எனும் பெருங்கொள்வனவாளன் வருகின்றான். இவன் வேண்டுவது என்ன? ஆண்டு முழுவதும் ஒரே அளவு, ஒரே ஈரப்பதன், ஒரே நிறம். தரம் என்று அதற்குப் பெயர். தரம் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. ஆனால் தரம் என்பது வானத்திலிருந்து வீழும் குணமன்று. விதை, நீர், களஞ்சியம், குளிரூட்டிய வண்டி, முன்பணம் ஆகியவற்றின் கூட்டுத்தொகை. அவற்றைக் கமக்காரனுக்கு வழங்காமல் தரத்தை மட்டும் அவனிடம் கேட்பது, நீச்சல் கற்பிக்காதவனை ஆற்றில் தள்ளிவிட்டு நீந்தத் தெரியவில்லையென்று பழிப்பதற்கு ஒப்பாகும். முடிவில் வெங்காயமும் கப்பலில் வரும். பொரிப்பதற்கென உறைநிலையில் வரும் உருளைக்கிழங்குக் குச்சிகளின் கதையும் இதுவே. நுவரெலியாவிலும் வெலிமடையிலும் கிழங்கு விளைகின்றது. அதைக் குச்சியாக்கி உறையவைக்கும் பேரளவு ஆலை இங்கு எழவில்லை.

நியாயத்தைக் கூறுமிடத்து, கோழி வேறு கதை. கோழியிறைச்சியில் நாடு பெரும்பாலும் தன்னிறைவு கண்டுள்ளது. அக்கடைகள் பொரிப்பதிற் பெரும்பகுதி இந்நாட்டுப் பண்ணைகளின் விளைவே. உள்நாட்டு உற்பத்திக்குக் காப்பும் முதலீடும் கிடைத்தால் அந்நியக் கம்பனியின் தரத்தையும் நம்மவர் எட்டிப்பிடிப்பர் என்பதற்கு அதுவே சான்று. எனின் வெங்காயத்துக்கு ஏன் அது கிட்டவில்லை?

அயல்நாட்டில் என்ன செய்தனர் என்று நோக்குவோம். 1988இல் பெப்சி நிறுவனம் இந்தியாவுள் நுழைய அனுமதி பெற்றது. பஞ்சாபில் பழமும் மரக்கறியும் பதனிடும் ஆலை நிறுவ வேண்டும், இறக்குமதியைவிடப் பன்மடங்கு ஏற்றுமதி செய்ய வேண்டும் என்று அரசு நிபந்தனை விதித்தது. அந்நிய வணிகப் பெயரை வெறுமனே இடவும் விடவில்லை. ஆதலால் அப்பானம் லெஹர் பெப்சி என்ற பெயரோடு வந்தது. நிபந்தனைகள் முற்றாக நிறைவேறின என்று கூறுவார் இல்லை. ஆயினும் வாசலில் நின்று கேட்கும் துணிவு அவ்வரசுக்கு இருந்தது. மக்டொனால்ட்சும் இந்தியாவிற் கடை திறப்பதற்கு ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் முன்பிருந்தே வயல்களைத் தேடி அலைந்தது. அந்நாட்டவர் உண்டு பழகாத மேலைநாட்டுச் சலாது இலையைப் பூனாவுக்கு அண்மையில் பயிரிடுவித்துக் குளிர் வண்டிகளில் ஏற்றியது. இது கருணையினால் விளைந்ததன்று. பெரிய சந்தை என்பதால் கம்பனிக்கு அது கட்டுபடியாயிற்று. நம் சந்தையோ சிறியது. சந்தை சிறியதாக இருக்கும் நாட்டில் கம்பனி தானாகச் செய்யாததைச் சட்டம்தான் செய்விக்க வேண்டும். 1977இன் பின் நம்மை ஆண்டவர்கள், அவர்கள் எந்நிறக் கொடியைப் பிடித்தவராயினும், வாசலைத் திறப்பதையே பொருளாதாரக் கொள்கை எனக் கொண்டனர். திறக்கும்போது ஒரு நிபந்தனை கேட்கலாம் என்பதையே மறந்தனர்.

இன்னொரு நிகழ்ச்சியையும் கூறவேண்டும். 1995இல் பெங்களூரில் கே.எப்.சி. கடை திறக்கப்பட்டபோது அதனை எதிர்த்தவர்கள் பண்பாட்டுக் காவலர் மாத்திரமல்லர். சட்டப் பேராசிரியராக இருந்த நஞ்சுண்டசாமியின் தலைமையில் கர்நாடக ராஜ்ய ரைத்த சங்கத்து விவசாயிகள் வீதிக்கு வந்தனர். மனிதர் உண்ணும் தானியத்தைக் கோழி உண்ணப் போகின்றது, நிலம் யாருக்காக விளைய வேண்டும் என்று அவர்கள் கேட்டனர். 1996 சனவரியில் அக்கடை அடித்து நொறுக்கப்பட்டது. நொறுக்கியதை நாம் ஆதரிக்கவில்லை. அதனால் கம்பனி போய்விடவும் இல்லை. ஆனால் அக்கேள்வி சரியான கேள்வி. அது நாவிலிருந்து எழவில்லை, வயலிலிருந்து எழுந்தது. நம்முடைய சிற்றுண்டிச்சாலை வீரர்கள் அக்கேள்வியை ஒருமுறையேனும் கேட்டதுண்டா?

இனி, எந்த முகாமைத்துவ நூலிலும் இடம்பெறாத இடரொன்றைக் கூறுவோம். அந்நியக் கம்பனி சந்திக்கும் சவால்களைப் பற்றி நாம் பக்கம் பக்கமாகப் படிக்கிறோம். உள்ளூர்ச் சாப்பாட்டுக் கடைக்காரன் தன் சொந்த நாட்டிலே சந்திக்கும் சவால்களை எப்பாடநூல் கூறும்? 1983 யூலையில் மாத்தளை நகரத்துத் தமிழரின் கடைகள் எரிக்கப்பட்டன. முத்துமாரியம்மன் ஆலயமும் தீக்குத் தப்பவில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவுக்கடையில் கறிக்குள் இருந்த மாக்கட்டியைக் காட்டி, மலடாக்கும் மாத்திரை என்று கூச்சலிட்டனர். சிங்களம் சரிவர விளங்காத கடைக்காரர் தலையசைத்தார். கடையும் அருகிருந்த பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவே என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிக்கையிட்டார். அறிக்கை வருமுன்னரே மார்ச் மாதத்தில் திகனையும் அதன் சுற்றூர்களும் எரிந்துவிட்டன.

இதனோடு ஒப்பிடுக. பன்னாட்டுக் கம்பனிக்குத் தரம் பற்றிய பிணக்கு ஏற்பட்டால் நீதிமன்றம் உண்டு, காப்புறுதி உண்டு, நட்டத்தை வேறொரு நாட்டு இலாபத்தால் நிரப்பும் வழி உண்டு. தெருமுனைக் கொத்துக் கடைக்காரனுக்கு ஒரு வதந்தி போதும். இருபது ஆண்டு உழைப்பு ஓரிரவில் சாம்பலாகின்றது. சந்தையில் இருவரும் சமமாகப் போட்டியிடுகின்றனர் என்று பொருளியல் விரிவுரையில் கேட்கும்போது நமக்குச் சிரிப்பு வருவதில்லை. உள்ளூர்க் கடைகள் அருகி, அவ்விடங்களில் கண்ணாடிக் கதவுக் கடைகள் எழுமாயின், அதனை மக்களின் சுவை மாறியது என்று எழுதுவோர் ஒருமுறை நெருப்பையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ளட்டும்.

நம் வாதத்துக்கு எதிராக ஒரு கூற்று உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. நம்முடைய கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு நியமனக் கடிதம் இல்லை, ஊழியர் சேமலாப நிதி இல்லை, ஒழுங்கான கழிவறை இல்லை. படுப்பது மேசைக்கு மேல். அந்நியப் பெயர்ப்பலகை கொண்ட கடையிலோ சீருடை உண்டு, நேரக் கணக்கு உண்டு, சேமலாப நிதி உண்டு. மலையகத்து இளைஞன் ஒருவன் முன்னதை விட்டுப் பின்னதைத் தேடிச் செல்வானாயின் அவனைத் துரோகி என்று சொல்லும் தகுதி எவருக்கும் இல்லை. தேசிய முதலாளியின் அடுப்படியில் வெந்த கை அந்நிய முதலாளியின் அடுப்படியில் சற்றே குறைவாக வேகின்றது என்றால், அக்கை எங்கு செல்லும்? உள்ளூர் உணவைக் காப்போம் என்று கொடி பிடிப்போர் முதலில் உள்ளூர்க் கடையில் தொழிற்சட்டத்தைக் கொண்டுவரட்டும். இவ்விடயத்தில் நம் சமூகத்துக் கடை முதலாளிமாரைக் கண்டிக்க நாம் தயங்குகிறோம். அவர்களிற் சிலர் நம் விழாக்களுக்கு விளம்பரம் தருகின்றனர் என்பதும் அதற்கொரு காரணம் எனலாம்.

கதவை அடைத்துவிட வேண்டும் என்பது நம் வாதமன்று. எழுபதுகளில் கதவை அடைத்தபோது பட்டினி கிடந்தவர்கள் யார் என்பதை மலையகம் அறியும். கதவைத் திறந்து வைத்து, வருபவனிடம் சிலவற்றைக் கேட்கவேண்டும் என்பதே நாம் கூறுவது. இந்நாட்டில் ஒரு குறித்த எண்ணிக்கைக்கு மேல் கடைகள் நடத்தும் உணவு நிறுவனம் எதுவாயினும், அதன் உரிமை அந்நியருடையதாயினும் நம்மவருடையதாயினும், தான் கொள்வனவு செய்யும் மரக்கறியில் எவ்வளவு உள்நாட்டினது என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அவ்வளவு ஆண்டுக்காண்டு உயர வேண்டும். அதற்கு ஈடாக அரசு தம்புள்ளையிலும் கலேவெலவிலும் வெங்காயம் உலர்த்திக் காக்கும் களஞ்சியங்களைக் கமக்காரர் கூட்டுறவுகளின் கையில் அமைத்துக் கொடுக்க வேண்டும். இறக்குமதித் தீர்வை கூடுவதும் குறைவதும் நடுகைக்கு முன்னரே அறிவிக்கப்பட வேண்டும். வெங்காயம் மண்ணுக்குள் இருக்கையில் மாற்றப்படலாகாது. தரத்தைப் பற்றிப் பேசுவதற்கும் நமக்கு ஆள் இல்லாமலில்லை. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையம் மாத்தளையிலேயே இருக்கின்றது. மிளகையும் சாதிக்காயையும் வெளிநாட்டான் கேட்கும் தரத்துக்கு உயர்த்த ஆராயும் நிலையம் அது. வெளிநாட்டானுக்காக மிளகைத் தரப்படுத்த அறிந்த நாட்டுக்கு, வெளிநாட்டான் இங்கு வந்து திறக்கும் கடைக்காக வெங்காயத்தைத் தரப்படுத்துவது இயலாத காரியமாகுமா?

நம் தமிழ்ச் சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் விவாத அரங்கில் பண்பாடு பற்றிய தலைப்புகளுக்குக் குறைவில்லை. இவ்வாண்டு புரட்டாதியில், அறுவடை வேளையில், சங்க உறுப்பினர் சிலரேனும் ஓரிரவு தம்புள்ளைச் சந்தைக்கு வரட்டும். கண்டியிலிருந்து பேருந்தில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஆகாது. மூடையை அவிழ்த்து வைத்துக்கொண்டு விலை கேட்பாரின்றிக் காத்திருக்கும் கமக்காரனிடம், நம் நாவு மக்டொனால்ட்சை வென்றுவிட்டது என்ற செய்தியை அவர்களே நேரிற் சொல்லட்டும்.